நூறு வயதிலும் மிதக்கும் நீராவிக் கப்பல்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'பழையதைக் காப்பதா, கைவிடுவதா?' என்பது இன்றைய கருத்தரங்கின் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர்கள் பழைய கோயில்கள், கடைவீடுகள், தோட்டத்து லயங்கள் பற்றியெல்லாம் அழகாகப் பேசினார்கள். நான் கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் கடலுக்கே போகாத கப்பல்கள்! நெறியாளர் இதைச் சொன்னதும் அரங்கில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். ஒரு கப்பல் உலர்துறையில் ஏறியதும் நடக்கும் முதல் வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? சுத்தியலால் துருவைத் தட்டி எடுப்பது. காலையில் தொடங்கும் அந்த 'டக் டக்' சத்தம், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். துருவைத் தட்டி, சாயம் பூசி, கடைசியில் கப்பலின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளை வரிசையாக வெல்டிங் செய்து ஒட்டுவோம். உப்புநீர் இரும்பைத் தின்பதற்குப் பதில் அந்தத் துத்தநாகத்தைத் தின்னட்டும் என்பதற்காக. அடுத்த முறை அதே கப்பல் வரும்போது பார்த்தால், சவர்க்காரக் கட்டி கரைந்ததுபோல் அது பாதியாகி இருக்கும்.

இத்தனை செய்தும் கடலில் ஓடும் சரக்குக் கப்பலின் ஆயுள் பெரும்பாலும் 25 முதல் 30 ஆண்டுகள்தான். அதன் பிறகு அது இந்தியாவின் அலாங் கடற்கரைக்கோ வங்காளதேசத்தின் சிட்டகாங்கிற்கோ போய், துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் பழைய இரும்பாகிவிடும். கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் நாம் பார்க்கும் பெரிய பெரிய கப்பல்களில் நம் பேரப் பிள்ளைகள் காலத்திலும் ஓடக்கூடியது ஒன்றுகூட இருக்காது எனலாம்.

அப்படியிருக்க, 1906-ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட ஒரு சரக்குக் கப்பல், 2013-ஆம் ஆண்டு நவம்பர் வரை, அதாவது 107 ஆண்டுகள், தன் சொந்த இயந்திரத்தால் ஓடிச் சரக்கு ஏற்றி இறக்கியது என்றால் நம்புவீர்களா? நான் முதலில் நம்பவில்லை. அது எங்கே ஓடியது என்று தெரிந்த பிறகுதான் நம்பினேன்.

ஏரியா, கடலா?

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில் ஐந்து பேரேரிகள் இருக்கின்றன. சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒண்டாரியோ என்பன அவற்றின் பெயர்கள். ஏரி என்றதும் ஊர்க்குளத்தை நினைத்துவிடக் கூடாது. சுப்பீரியர் ஏரி மட்டும் சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல நூறு தீவுகளை அதற்குள் போட்டாலும் இன்னும் இடம் இருக்கும். ஐந்தையும் சேர்த்தால் தீபகற்ப மலேசியாவைவிடப் பெரிது. கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது. அலை அடிக்கும், புயல் வரும். உலகின் மேற்பரப்பில் உள்ள நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. அந்த 'நன்னீர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் சொல்லவரும் செய்தி முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். ஆனால், உப்பு கலந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். அதனால் துருப்பிடிக்கும் வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது. உப்பில்லாத, குளிர்ந்த ஏரித் தண்ணீரில் அந்த வேகம் இல்லை. அடிப்பாகத்தில் கடல் சிப்பி மண்டுவதும் இல்லை. போதாக்குறைக்கு, குளிர்காலத்தில் ஏரிகள் உறையும் என்பதால் சுப்பீரியர் ஏரிக்கும் ஹூரான் ஏரிக்கும் நடுவிலுள்ள நீர்ப்பூட்டுகளை ஜனவரி நடுவிலிருந்து மார்ச் பிற்பகுதிவரை மூடிவிடுவார்கள். கப்பல்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு மாதத்துக்கு மேல் கட்டாய ஓய்வு! அந்த ஓய்வில் பழுதுகள் பார்க்கப்படும். கடல் கப்பலுக்கு இந்தக் கொடுப்பினை ஏது?

உள்ளே போவதும் வெளியே வருவதும்

நீர்ப்பூட்டு என்றேன். அது என்னவென்று சிலர் கேட்கலாம். இரண்டு நீர்நிலைகள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், நடுவில் ஒரு பெரிய தொட்டி கட்டி, இரு பக்கமும் கதவு வைப்பார்கள். கப்பல் தொட்டிக்குள் நுழைந்ததும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ கப்பலை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். சுப்பீரியர் ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 183 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே கப்பல்கள் இப்படிப் படியேறித்தான் அங்கே போக முடியும். ஈரி ஏரிக்கும் ஒண்டாரியோ ஏரிக்கும் நடுவில் நயாகரா அருவி விழுவதால், அதைச் சுற்றிக்கொண்டு போக வெல்லண்ட் கால்வாய் வெட்டப்பட்டது. அதில் எட்டு நீர்ப்பூட்டுகள்.

இந்தக் கதவுகளின் அளவுதான் ஏரிக் கப்பல்களின் தலையெழுத்து. 1907-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட 'கீவாட்டின்' என்ற பயணிகள் நீராவிக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி நன்றாகத்தான் வந்து சேர்ந்தது. ஆனால், அந்தக் காலத்துக் கால்வாய்ப் பூட்டுக்குள் அதன் நீளம் அடங்கவில்லை. என்ன செய்தார்கள்? கப்பலை நடுவில் இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளையும் கால்வாய் வழியாக இழுத்துப்போய், மேலே இருக்கும் பஃபலோ நகரில் மீண்டும் ஒட்டினார்கள்! வண்டியில் ஏறாத மெத்தையை மடித்துக் கட்டுவதுபோல் அல்லவா இருக்கிறது? அப்படி ஒட்டிய கப்பல் 1965 வரை பயணிகளை ஏற்றி ஓடியது.

கீவாட்டின் போன்ற பயணிகள் கப்பல்களை முடக்கியது தண்ணீர் அன்று, தீ. 1949 செப்டம்பரில் டொரோண்டோ துறைமுகத்தில் கட்டியிருந்த 'நோரோனிக்' என்ற கப்பல் ஒரே இரவில் எரிந்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகு தீப்பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. மரத்தாலான அறைகளையும் கூடங்களையும் கொண்ட பழைய கப்பல்கள் ஒவ்வொன்றாகச் சேவையிலிருந்து விலகின. கீவாட்டின் மட்டும் காட்சிப் பொருளாகத் தப்பியது. மிச்சிகன் மாநிலத்தில் நெடுங்காலம் கிடந்து, 2012-இல் கனடாவுக்குத் திரும்பி, 2023-இல் கிங்ஸ்டன் நகரிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், 1972-க்கும் 1981-க்கும் இடையில் ஏரிகளிலேயே கட்டப்பட்ட ஆயிரம் அடி, அதாவது சுமார் 305 மீட்டர், நீளமான 13 சரக்குக் கப்பல்கள் இருக்கின்றன. வெல்லண்ட் கால்வாயில் 225 மீட்டர் அளவுள்ள கப்பல்தான் நுழைய முடியும். ஆக, அந்தப் பதின்மூன்றும் பிறந்த நாளிலிருந்து மேல் ஏரிகளை விட்டு வெளியே வந்ததில்லை, வரவும் முடியாது. போத்தலுக்குள் கட்டிய பொம்மைக் கப்பல்போல!

சட்டமும் ஒரு காரணம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது 1920-ஆம் ஆண்டுச் சட்டம். கொரியாவிலோ சீனாவிலோ மலிவாகக் கட்டி வாங்கும் வழி அங்கில்லை. புதுக் கப்பலுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டும். இருப்பதோ துருப்பிடிக்காமல் இருக்கிறது. யார்தான் புதிது வாங்குவார்கள்? 1983-க்குப் பிறகு பேரேரிகளுக்காக அமெரிக்கா கட்டிய அடுத்த பெரிய சரக்குக் கப்பல் 2022-இல்தான் வந்தது. அதன் பெயர் 'மார்க் டபிள்யூ. பார்க்கர்'.

உடல் இருக்கிறது, இதயம்?

இங்கேதான் ஒரு சிக்கல். கப்பலின் இரும்பு உடல் நூறாண்டு தாங்கும். அதற்குள் இருக்கும் நீராவி இயந்திரம் அப்படியா?

நம் நாட்டுச் செம்பனை ஆலையில் வேலை செய்தவர்களுக்கு நீராவியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாய்லர் என்றால் அதற்கென்று ஓர் ஆள் எந்நேரமும் கண்வைத்திருக்க வேண்டும். அழுத்தமானியைப் பார்க்க வேண்டும், தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கப்பலிலும் அதே கதைதான். டீசல் இயந்திரத்துக்குக் குறைந்த ஆள் போதும், எரிபொருளும் மிச்சம். நீராவிக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலைகள் மூடிவிட்டன. நீராவி இயந்திரத்துக்கு உரிமம் பெற்ற பொறியாளர்களும் ஓய்வு பெற்றுப் போகிறார்கள், அவர்களுக்குப் பின் வருபவர்கள் குறைவு.

ஆகவே கப்பல் முதலாளிகள் ஆளுக்கொரு வழி தேடினார்கள். 'லீ ஏ. ட்ரெகர்தா' என்ற கப்பல் 1942-இல் கடலில் ஓடும் எண்ணெய்க் கப்பலாகப் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்கு எண்ணெய் சுமந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஏரிக்கு வந்து இரும்புத்தாதுக் கப்பலாக மாறியது. போரில் பெற்ற விருதுப் பட்டைகளை அதன் முன்மாடத்தில் வர்ணத்தில் தீட்டி வைத்திருக்கிறார்கள், பழைய போர்வீரர் சட்டையில் பதக்கம் குத்திக்கொள்வதுபோல. 2006-இல் அதன் நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு டீசல் பொருத்தினார்கள். உடல் அதேதான், இதயம் புதிது.

அதே 1942-இல் பிறந்த 'அல்பீனா' கதை வேறு. முதலில் அதன் பெயர் 'லியோன் ஃபிரேசர்', போர்க்காலத்தில் இரும்புத்தாது சுமக்கக் கட்டப்பட்டது. 1980-களில் அமெரிக்க எஃகுத் தொழில் சரிந்தபோது வேலையில்லாமல் கட்டிக் கிடந்தது. பிறகு சிமெண்டு ஏற்ற ஒரு கப்பல் தேவைப்பட்டது. சிமெண்டு இறக்கும் துறைகள் பல சிறியவை. 195 மீட்டர் நீளமான கப்பல் அங்கே திரும்பச் சிரமம். ஆகவே நடுவில் சுமார் 36 மீட்டரை வெட்டி எடுத்துவிட்டு, முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டிவிட்டார்கள். நீளக் கால்சட்டையை வெட்டித் தைப்பதுபோல! 1991-இல் அல்பீனா என்ற புதுப் பெயரோடு வேலைக்கு வந்தது. 2015 டிசம்பரில் பழுதுபார்க்கும் தளத்தில் தீப்பிடித்தது, அதையும் தாண்டி மீண்டது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்திலும் பழைய நீராவிச் சுழலியோடு ஓடியது. பேரேரிகளில் வேலையில் இருந்த சரக்கு நீராவிக் கப்பல்களில் மூத்தது அதுவே.

முதலில் சொன்ன அந்த 107 ஆண்டுக் கப்பலுக்கு வருவோம். 'வில்லியம் பி. ஸ்னைடர்' என்று 1906-இல் பிறந்து, பல பெயர்கள் மாறி, கடைசியில் 'செயின்ட் மேரீஸ் சேலஞ்சர்' ஆனது. அதற்கும் சிமெண்டுதான் வேலை. 2013 நவம்பரில் கடைசிப் பயணத்தை முடித்தது. அந்தக் குளிர்காலத்தில் அதன் முன்மாடத்தை அகற்றி, இயந்திரத்தைக் கழற்றி, தொங்கான் ஆக்கிவிட்டார்கள். இப்போது ஓர் இழுவைப்படகு பின்னாலிருந்து தள்ள, அது சிமெண்டு சுமக்கிறது. பழுதில்லாத உடலை வீணாக்காமல் பயன்படுத்துகிறார்கள் என்று மெச்சுவதா? தலையை எடுத்துவிட்டு முண்டத்தை வேலை வாங்குகிறார்கள் என்று வருந்துவதா? தளத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டும் தோன்றுகிறது. வெட்டிப் பழைய இரும்பாக்குவதைவிட இது மேல் என்பேன். முன்மாடத்தை ஓர் அருங்காட்சியகத்துக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதில் ஓர் ஆறுதல்.

நல்ல தண்ணீரிலும் சாவு உண்டு

ஏரிதானே, நன்னீர்தானே, ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1913 நவம்பரில் அடித்த ஒரே புயலில் பேரேரிகளில் 12 கப்பல்கள் மூழ்கின. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்றும் அங்கே நவம்பர் என்றால் மாலுமிகளின் குடும்பங்களுக்கு வயிற்றில் நெருப்புத்தான்.

1975 நவம்பர் 9 அன்று, சுப்பீரியர் ஏரியின் மேற்குக் கோடியிலிருந்து 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' என்ற கப்பல் சுமார் 26,000 டன் இரும்புத்தாது உருண்டைகளோடு புறப்பட்டது. 222 மீட்டர் நீளம். 1958-இல் நீரில் இறங்கியபோது ஏரிகளில் அதைவிடப் பெரிய கப்பல் இல்லை. சில கிலோமீட்டர் பின்னால் 'ஆர்தர் எம். ஆண்டர்சன்' என்ற நீராவிக் கப்பல் வந்துகொண்டிருந்தது. மறுநாள் புயல். ஃபிட்ஸ்ஜெரால்டின் ராடார் செயலிழந்தது, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆண்டர்சன் வானொலியில் வழிசொல்லிக்கொண்டே வந்தது. மாலை ஏழு மணி பத்து நிமிடம் அளவில், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டபோது, தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்த சில நிமிடங்களில் ஆண்டர்சனின் ராடார் திரையில் அந்தப் புள்ளியைக் காணவில்லை.

கேப்டன் எர்னஸ்ட் மெக்சார்லியோடு சேர்த்து 29 பேர். ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. சரக்கறை மூடிகளின் வழியே தண்ணீர் புகுந்தது என்றது கடலோரக் காவற்படையின் விசாரணை. இல்லை, பாறைத் திட்டில் அடிபட்டிருக்க வேண்டும் என்றது கப்பல் நிறுவனங்களின் சங்கம். இன்றுவரை முடிவான பதில் இல்லை.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. ஆண்டர்சன் புயலைக் கடந்து பாதுகாப்பான வளைகுடாவுக்குள் வந்துவிட்டது. அந்த நேரத்தில் கடலோரக் காவற்படை, 'திரும்பிப் போய்த் தேட முடியுமா?' என்று கேட்டது. தங்களைவிடப் புதிய கப்பலையே விழுங்கிய தண்ணீர் அது. ஆனாலும், திரும்பிப் போனார்கள். கிடைத்தவை உயிர்காப்புப் படகுகளும் சில மிதக்கும் பொருள்களும் மட்டுமே.

அந்தப் படகுகள் இரண்டும், 1917-இல் கட்டப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக நிற்கும் 'வேலி கேம்ப்' என்ற பழைய நீராவிக் கப்பலுக்குள் வைக்கப்பட்டுள்ளன. மூழ்கிய கப்பலின் மணியை, குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி 1995-இல் மேலே கொண்டுவந்தார்கள். அதற்குப் பதிலாக, இறந்த 29 பேரின் பெயர் பொறித்த வேறொரு மணியை அடியிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். சுமார் 160 மீட்டர் ஆழத்தில் அது இருக்கிறது.

1952-இல் கட்டப்பட்ட ஆண்டர்சனோ, 2017 தொடக்கத்தில் வேலையின்றிக் கட்டப்பட்டு, இனி அவ்வளவுதான் என்று பலரும் எண்ணியிருக்க, 2019 கோடையில் மறுபடியும் வேலைக்கு வந்தது.

பேட்ஜரின் சாம்பல்

இப்போது இன்றைய தலைப்புக்கு நேராக வருகிறேன். பினாங்கு பெர்ரியில் காரோடு ஏறிப் போன அனுபவம் இங்குள்ள பலருக்கு இருக்கும். 2020 முடிவோடு அந்தப் பழைய பெர்ரிகள் ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டில் வந்த புதியவற்றில் காருக்கு இடமில்லை. பழைய பெர்ரி போனபோது எத்தனை பேர் கடைசியாக ஒருமுறை ஏறிப் போய்ப் படம் பிடித்துக்கொண்டார்கள்! அந்த உணர்வை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் லடிங்டன் என்ற சிற்றூர். மேற்குக் கரையில் மானிடோவாக். நடுவில் சுமார் 96 கிலோமீட்டர் தண்ணீர். இதைக் கடக்க 'பேட்ஜர்' என்றொரு பெர்ரி. 125 மீட்டர் நீளம். நான்கு மணி நேரப் பயணம். 1952-இல் நீரில் இறக்கப்பட்டு, 1953 மார்ச்சில் சேவைக்கு வந்தது. முதலில் அது முக்கியமாக ஏற்றியது ரயில் பெட்டிகளை! சிகாகோ நகரின் ரயில் நெரிசலைச் சுற்றிக்கொள்ளாமல், பெட்டிகளைத் தண்டவாளத்தோடு கப்பலுக்குள் உருட்டி, ஏரியைக் கடந்து அக்கரையில் உருட்டிவிடுவார்கள். பின்னர் ரயில் சரக்கு குறைந்து, 1990 நவம்பரில் சேவை நின்றது. லடிங்டனைச் சேர்ந்த சார்லஸ் கான்ராட் என்ற ஓய்வுபெற்ற தொழிலதிபர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு அதை வாங்கினார். 1992-லிருந்து கார்களையும் சுற்றுப்பயணிகளையும் ஏற்றத் தொடங்கியது.

இதன் இயந்திரம்தான் சிறப்பு. பென்சில்வேனியாவின் ஸ்கின்னர் நிறுவனம் செய்த நீராவி இயந்திரங்கள் இரண்டு. சாதாரண நீராவி இயந்திரத்தில் சூடான நீராவி சிலிண்டரின் எந்த முனையில் நுழைகிறதோ, வேலை முடித்து ஆறிய பிறகு அதே முனை வழியாகத்தான் வெளியேறும். அதனால் அந்த முனை ஒவ்வொரு முறையும் குளிர்ந்து, மறுபடி சூடாக வேண்டும், எரிபொருள் வீண். ஸ்கின்னர் இயந்திரத்தில் நீராவி முனையில் நுழைந்து, நடுவில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். ஒரே திசை ஓட்டம். முனை எப்போதும் சூடாகவே இருக்கும். நீராவி யுகம் முடியும் தறுவாயில் பிறந்த கடைசிச் செல்லப்பிள்ளை அது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1996-இல் இதை ஒரு பொறியியல் சின்னமாக அறிவித்தது.

எரிப்பது நிலக்கரி. நிலக்கரி எரிந்தால் சாம்பல் வரும். அந்தச் சாம்பலை என்ன செய்தார்கள்? ஏரித் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, ஏரியிலேயே இறைத்துவிட்டார்கள். 1953-லிருந்து அப்படித்தான். ஆண்டுக்கு 500 டன்னுக்கும் மேல்!

அக்காலத்தில் எல்லா நிலக்கரிக் கப்பலும் இதைத்தான் செய்தன, உண்மை. ஆனால், மற்ற கப்பல்கள் டீசலுக்கு மாறின, பேட்ஜர் மாறவில்லை. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் போன்றவை சிறு அளவில் உண்டு. மிச்சிகன் ஏரியோ சிகாகோ உள்ளிட்ட எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீர். எந்தத் தண்ணீர் உப்பில்லாமல் இருந்ததால் இந்தக் கப்பல் அறுபது எழுபது ஆண்டு கெடாமல் இருந்ததோ, அதே தண்ணீருக்குள் கப்பல் தன் குப்பையைக் கொட்டியது. இதை எண்ணிப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்களும் தளத்தில் தட்டிய துருவையும் பழைய சாயத்தையும் ஒரு காலத்தில் எங்கே தள்ளினோம் என்று கேட்டால், பதில் சொல்ல நாக்கு எழாது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012 டிசம்பர் வரை கெடு கொடுத்தது. அப்போது எழுந்த வாதங்கள்தான் நம் கருத்தரங்குக்குப் பொருத்தம். கப்பல் நின்றால் இரண்டு ஊர்களின் கடைகளும் விடுதிகளும் நொடிக்கும், வேலைகள் போகும் என்றார்கள் ஒரு சாரார். பொய்யில்லை, சிற்றூர்களுக்கு அது பெரிய வருமானம். 2004-லிருந்து அதே ஏரியில் டீசல் விரைவுப் பெர்ரி ஒன்று ஓடுகிறதே, அதற்கு ஒரு விதி, இதற்கு ஒரு விதியா என்றார்கள் மறு சாரார். இல்லினாய் மாநிலச் செனட்டர் டிக் டர்பின் சாம்பலுக்கு எதிராகக் கடுமையாகப் பேசினார்.

இந்த நேரத்தில் ஒரு தந்திரமும் நடந்தது. வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட, அல்லது முன்மொழியப்பட்ட கப்பலுக்கு விதிவிலக்கு என்று 2011-இல் ஒரு மசோதாவில் வரி சேர்க்கப்பட்டது. பேட்ஜரின் பெயர் அதில் இல்லை, ஆனாலும் அது யாருக்கான சட்டை என்று எல்லாருக்கும் தெரிந்தது. பின்னர் அந்த வரி நீக்கப்பட்டது. நல்லதே நடந்தது என்பேன். 'நான் பழையவன், ஆகவே கொட்டுவேன்' என்பது எந்த ஊர் நியாயம்?

2013-இல் நிறுவனம் அரசோடு நீதிமன்ற உடன்பாட்டுக்கு வந்தது. முதலில் நிலக்கரி எரிவதைக் கணினியால் சீர்ப்படுத்திச் செலவைக் குறைத்தார்கள். அடுத்த குளிர்கால ஓய்வில், சாம்பலை மூடிய கொள்கலன்களில் சேர்த்துக் கரையில் இறக்கும் ஏற்பாட்டைப் பொருத்தினார்கள். 2015-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து ஒரு பிடி சாம்பலும் ஏரியில் விழவில்லை. இயந்திரம் அதே இயந்திரம், நிலக்கரி அதே நிலக்கரி. முடியவே முடியாது என்று சொன்ன காரியம் இரண்டு குளிர்காலங்களில் முடிந்துவிட்டது! 2016-இல் பேட்ஜர் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. கொட்டுவதை நிறுத்திய பிறகு கிடைத்த பட்டம் என்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

இந்த இடத்தில் அரங்கில் இருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "ஐயா, சாம்பல் சரி. புகை?" கைதட்டல் பலமாக இருந்தது. அம்மா கேட்டது நியாயமான கேள்வி. புகை இன்னும் போகிறது. நிலக்கரியால் வழக்கமாகப் பயணிகளை ஏற்றும் கடைசி அமெரிக்கக் கப்பல் அது. இதே வேலையைச் செய்ய இருபது கப்பல் இருந்தால், 'நிறுத்து' என்று நானே முதலில் சொல்வேன். ஒன்றே ஒன்று மிஞ்சி, அதுவும் கோடைப் பருவத்தில் மட்டும் ஓடும்போது, அதன் இயந்திரத்தைக் கழற்றிவிட்டால் அப்படியோர் இயந்திரம் ஓடுவதை இனி யாரும் பார்க்க முடியாது. அருங்காட்சியகத்தில் நிற்கும் இயந்திரத்தில் சூடு இருக்காது, எண்ணெய் வாசனை இருக்காது. அதற்காகப் புகையை என்றென்றும் பொறுப்பதா என்றால், இல்லை. எத்தனை காலம் என்பதை அந்த ஏரியின் தண்ணீரைக் குடிப்பவர்கள் முடிவு செய்யட்டும். நாளைக்கே நிறுத்தச் சொன்னால் எனக்குத் துக்கமாக இருக்கும், ஆனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் முழுத் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

பேட்ஜருக்கு 'ஸ்பார்ட்டன்' என்றோர் இரட்டைச் சகோதரி உண்டு. ஒரே கட்டுந்தளம், ஒரே ஆண்டு. அது எப்போதோ ஓய்வு பெற்று, லடிங்டன் துறையிலேயே பல்லாண்டு கட்டப்பட்டுக் கிடந்தது. அதன் உதிரிப்பாகங்களைக் கழற்றித்தான் பேட்ஜரை ஓட்டினார்கள். 2020 டிசம்பரில் பேட்ஜர் 'இன்டர்லேக்' நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2023 ஜூலையில் கோளாறு வந்தது, கப்பலில் அன்று, கரையில்! லடிங்டன் துறையில் கார்கள் ஏறும் பாலத்தைத் தூக்கும் எடைக்கட்டை உடைந்து விழ, அந்தப் பருவத்தின் எஞ்சிய நாட்கள் முழுவதும் பெர்ரிச் சேவை நின்றது. கரையைச் சரிசெய்து, 2024-இல் மீண்டும் கார்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.